பிரான்ஸ் கிராமத்தில வீடு வாங்க முதல் என்னத்தைப் பார்க்கவேணும்?

களுவாஞ்சிக்குடியான்:
அக்காட குடும்பம் பாரிசை விட்டு க்ரூஸ் மாவட்டத்தில 400 பேர் இருக்கிற ஒரு கிராமத்துக்குப் போகப்போறாங்க. பழைய கல்வீடு, விலை நல்ல மலிவு. பிள்ளைகளுக்கு 4 வயசும் 7 வயசும். அத்தானிட்ட கார் லைசன் இல்ல. நம்மட மட்டக்களப்புப் படுவான்கரைப் பக்கம் ஓடுற அளவுக்காவது அங்க பஸ் இருக்குமா? வேற என்ன பார்க்கச் சொல்ல?

கல்லாற்று மச்சான்:
தம்பி, பஸ்ஸை நம்பி வாங்கவேணாம். அனேகமான சின்ன ஊர்களில பள்ளிக்கூட பஸ்தான், அதுவும் பள்ளிக்கூட நாளில மட்டும். சில இடங்களில முதல்நாளே போன் பண்ணிப் பதிஞ்சால் வான் வரும். வீட்டுக்கு அட்வான்ஸ் குடுக்க முதல் அத்தான் லைசனுக்கு இறங்கட்டும்: எழுத்துச் சோதினையில 40 கேள்வி, 35 சரியா வரவேணும்.

ஊர் அலுவல் முழுக்க மேரியில, அதான் மேயர் கந்தோர். கிழமையில ரெண்டு மூண்டு அரைநாள்தான் திறப்பாங்க. கூரை மாத்த, யன்னல் மாத்த முதல் அங்க எழுதிக் குடுக்கவேணும். பக்கத்தில பாதுகாக்கப்பட்ட பழைய கோயில் இருந்தால் 500 மீற்றருக்குள்ள இன்னும் இறுக்கம். இப்பவும் வதிவிட விசா அட்டையில இருக்கிறாங்க எண்டால், விலாசம் மாறினதை 3 மாசத்துக்குள்ள ப்ரெஃபெக்சருக்கு, அதான் மாவட்ட அரச கந்தோருக்கு, அறிவிக்கவேணும். மேரிக்குச் சொன்னது காணாது.

2019இல இருந்து 3 வயசுப் பிள்ளைக்கே பள்ளிக்கூடம் கட்டாயம். பதிவும் மேரியிலதான். ஆனா பல ஊர்கள் வகுப்புகளைப் பங்கு போட்டிருக்கு. சின்னவன் ஒரு ஊருக்கும் பெரியவன் அடுத்த ஊருக்கும் போகவேண்டி வரலாம், கேட்டுப் பாருங்க.

தம்பிலுவில் மேசன்:
மலசலகூடக் குழியை மறந்திட்டீங்க. பொதுக் கழிவுநீர்க் குழாய் இல்லாத வீட்டுக்கு சொந்தக் குழிதான். விக்கிறவர் 3 வருஷத்துக்குள்ள எடுத்த பரிசோதனை அறிக்கை காட்டவேணும். குழி சரியில்லை எண்டு அதில இருந்தால், வாங்கினவர் 1 வருஷத்துக்குள்ள திருத்தவேணும். செலவு ஆயிரக்கணக்கான யூரோ, அதைச் சொல்லி விலையைக் குறைக்கச் சொல்லுங்க. மலிவு வீடுகளில அனேகமா பிழை அங்கதான் கிடக்கும்.

அடுத்தது வீடு சூடாக்கிற விறகு. அங்க ஸ்டேர் கணக்கு: 1 மீற்றர் கட்டையா அடுக்கினால் 1 கன மீற்றர். அதையே 33 சென்ரிமீற்றர் துண்டாக்கி அடுக்கினால் இடைவெளி குறைஞ்சு 0.7 கன மீற்றர் அளவுதான் வரும். ஏமாத்திப்போட்டான் எண்டு சண்டைக்குப் போகாதீங்க. ஓக் விறகு காய ரெண்டு வருஷம் வரைக்கும் பிடிக்கும், ஈரம் 20 வீதத்துக்குக் கீழ வரவேணும். ஈர விறகில சூடும் வராது, புகைக்கூட்டுக்குள்ள தாரும் படியும். பிறகு அந்தத் தார்தான் பத்தும். வருஷத்துக்கு ஒருக்காவது ஆளைப் பிடிச்சுத் துப்பரவாக்கி சான்றிதழை வச்சிருங்க, தீப்பிடிச்சால் இன்சூரன்ஸ்காரன் முதல்ல அதைத்தான் கேப்பான்.

வாகரை அக்கா:
கடை, தபால் கந்தோர் எல்லாம் மத்தியானம் பூட்டு. பாண்கடை பல ஊரில திங்களும் பூட்டு. றோட்டில ஆரைக் கண்டாலும் "போன்சூர்" எண்டு வணக்கம் சொல்லவேணும், சொல்லாட்டி மரியாதை தெரியாத ஆக்கள் எண்டுதான் நினைப்பாங்க. சேவல் கூவுது, கோயில்மணி அடிக்குது எண்டு முறைப்பாட்டுக்குப் போகாதீங்க. 2021இல கிராமத்துச் சத்தத்தையும் மணத்தையும் மரபா ஏற்றுச் சட்டமே வந்திட்டு.

அபாயச் சைரன் இருக்கிற ஊரெண்டால் மாசத்தில முதல் புதன் பகல் 12 மணியளவில ஊதிப் பார்ப்பாங்க. அம்மா போய் நிண்டால் பயப்படாம இருக்க முன்னுக்கே சொல்லிவைங்க.