ஜூன் முதல் மே வரை: சின்ன ஊர் அரசுக் கல்லூரியில் எந்த மாசம் எது மாட்டும்?

ஒத்தைஜன்னல்
இந்த வருசம் சேர்றவங்களுக்கான திரி. ஆபீஸுக்கு ஒரே ஜன்னல், வாசல்ல ஒரே ஜெராக்ஸ் கடை, பஸ் ஸ்டாண்டுல இருந்து மூணு நாலு கிலோமீட்டர் தள்ளி ஒரு பொட்டல்ல நிக்கிற அரசு கலை அறிவியல் கல்லூரிதான் பேச்சு. பருவத்துக்குப் பருவம் எது சிக்கல், எப்படிச் சமாளிக்கிறதுன்னு எழுதுங்க. சொந்தக் கதை, வாத்தியார் புராணம் வேண்டாம்.

நானே ஆரம்பிக்கிறேன். டிசி ஒரிஜினல் உள்ளே போச்சுன்னா மூணு வருசத்துக்கு வெளியே வராது. கொடுக்கிறதுக்கு முன்னாடியே முன்பக்கம் பின்பக்கம் ரெண்டையும் அஞ்சு செட் எடுத்து வச்சுக்கோங்க. சாதிச் சான்று ஒருமுறை வாங்கினா போதும். வருமானச் சான்று ஒரு வருசம்தான் செல்லும், அதனால உதவித்தொகை விண்ணப்பம் வர்றதுக்கு முன்னாடியே இ-சேவை மையத்துல புதுசுக்குப் போட்டுடணும். சுற்றறிக்கை ஒட்டின பிறகு போனா ஊரே அங்கதான் நிக்கும்.

பாஸ்புக்
அரசு தர்ற மாசம் 1,000 ரூபாய் பத்திச் சொல்லணும். அரசுப் பள்ளியில 6 முதல் 12 வரை படிச்ச பொண்ணுங்களுக்குப் புதுமைப் பெண் (2022), பசங்களுக்குத் தமிழ்ப் புதல்வன் (2024). அரசு உதவி பெறும் பள்ளியில தமிழ் வழியில படிச்சவங்களும் கேளுங்க. பள்ளியில கொடுத்த எமிஸ் நம்பர் (பள்ளிக்கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் தர்ற அடையாள எண்) கட்டாயம் வேணும்.

பணம் வராததுக்கு முக்காவாசிக் காரணம் ஒண்ணுதான். பாஸ்புக்ல இருக்கிற கணக்கு நம்பரைப் பார்த்துப் பணம் வர்றதில்லை, ஆதார் எந்த பேங்க்கோட இணைஞ்சிருக்கோ அங்க போய் விழும். ப்ளஸ் டூ முடிச்ச லீவுல வேற பேங்க்ல புதுக் கணக்கு திறந்து, அங்க ஆதார் இணைக்கவும் கையெழுத்து போட்டிருப்பீங்க. பணம் அங்க போயிருக்கும், நீங்க பழைய பாஸ்புக்கைப் பதிய வச்சுட்டே இருப்பீங்க. ஆதார் இணையதளத்துல பேங்க் இணைப்பு நிலையைப் பார்த்தா ஒரு நிமிசத்துல தெரிஞ்சிடும். ஆபீஸ் ஜன்னல்ல சண்டை போடுறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க.

ஃபுட்போர்டு
பஸ் பாஸ் கைக்கு வர நாளாகும். ரெண்டாம், மூணாம் வருசத்துக்காரங்க அதுவரை காட்டிப் போக, போன வருச பாஸையும் ஐடி கார்டையும் பத்திரமா வச்சிருக்கணும். முதல் வருசத்துக்கு ரெண்டுமே கிடையாது, அதுவரை சில்லறைதான். பொண்ணுங்களுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துல எப்படியும் காசு இல்லை. காலையில ஒரே பஸ்தான் இருக்கும், அதை விட்டா முதல் ஹவர் போச்சு. பல கல்லூரியில முதல் ஹவர் போனா அரை நாள் ஆப்சென்ட்னு கணக்கு.

ஒத்தைஜன்னல்
அந்தக் கணக்கையும் சொல்லிடுறேன். ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள். 75 சதவீதம்னா 68 நாள் வரணும், அதாவது 22 நாள்தான் கையிருப்பு. வாரத்துக்கு ரெண்டு தடவை அந்த பஸ்ஸை விட்டா வாரத்துக்கு ஒரு நாள் காலி. ஆடித் திருவிழாவுக்கு நாலு, கல்யாணத்துக்கு மூணு, காய்ச்சலுக்கு அஞ்சுன்னு கூட்டிப் பாருங்க, ஐப்பசி மழை வர்றதுக்குள்ள கையிருப்பு தீர்ந்திடும். 65 சதவீதத்துக்கு மேல இருந்தா பணம் கட்டி, காரணம் காட்டித் தப்பலாம். அதுக்குக் கீழே போனா ஹால் டிக்கெட் கிடையாது. மழைக்குக் கலெக்டர் லீவு விட்டா அது உங்க கணக்குல ஆப்சென்ட் ஆகாது, ஆனா ஈடுகட்ட சனிக்கிழமை வகுப்பு வைப்பாங்க. அதுக்கு வராம இருந்தா ஆப்சென்ட்தான். இதுல ஏமாறுறவங்க நிறைய.

தும்பை
தாவரவியல்காரங்களுக்கு மழைதான் அறுவடைக் காலம். ஹெர்பேரியத்துக்கு (செடியை அழுத்திக் காயவச்சு ஷீட்டுல ஒட்டிச் சமர்ப்பிக்கிற தொகுப்பு) செடி சேர்க்க கார்த்திகை, மார்கழி மாதிரி வராது. தும்பை, குப்பைமேனி, நாயுருவி, மூக்கிரட்டை எல்லாம் மைதானத்து ஓரத்திலேயே பூத்து நிக்கும். செடிக்கு ஒரு தாவரக் குடும்பம், லேமியேசி, யூஃபோர்பியேசி, அமரந்தேசி, நிக்டாஜினேசின்னு நாலு ஷீட் அங்கேயே முடிஞ்சிடும். மாசியில தேடினா காய்ஞ்ச குச்சிதான் மிஞ்சும்.

சிக்கல் என்னன்னா, செடி கிடைக்கிற காலத்துலதான் காத்துல ஈரம் ஜாஸ்தி. பூஞ்சை பிடிச்சுக் கறுத்துப் போகும். அதனால:

பனி, மழைத்தண்ணி வடிஞ்சு பத்து மணிக்கு மேல பறிங்க. சின்னச் செடின்னா வேரோட எடுத்து மண்ணைக் கழுவித் துணியில ஒத்தி எடுங்க. பூ கட்டாயம் இருக்கணும், காய் இருந்தா இன்னும் நல்லது. பழைய பேப்பர் மடிப்புக்குள்ள விரிக்கும்போதே ஒரு இலையையாவது அடிப்பக்கம் தெரியுற மாதிரித் திருப்பி வையுங்க. காய்ஞ்ச பிறகு திருப்பினா உடையும், வைவால (வாய்மொழித் தேர்வுல) அடிப்பக்க நரம்பு கேப்பாங்க. மேலே கனமான புத்தகமோ பலகையோ வச்சு அழுத்தணும். முதல் மூணு நாள் காலை, மாலை ரெண்டு வேளையும் பேப்பர் மாத்துங்க. அப்புறம் ஒரு வாரம் தினம் ஒரு தடவை. சோம்பல்பட்டு ஒரு நாள் விட்டாலும் அந்த ஈரப் பேப்பரே பூஞ்சைக்கு மெத்தை.

காய்ஞ்சிடுச்சான்னு தெரிஞ்சுக்க இலையைக் கன்னத்துல வச்சுப் பாருங்க. சில்லுன்னு இருந்தா இன்னும் ஈரம் இருக்கு. தண்டைப் பிடிச்சுத் தூக்கினா இலை தொங்காம விறைப்பா நிக்கணும். ஷீட் 42க்கு 29 செ.மீ., லேபிள் வலது கீழ் மூலையில. தடிச்ச தண்டை ஊசி நூலால தைங்க, பசையை நம்பாதீங்க.

புதுமுகம்24
அக்கா, அயர்ன் பாக்ஸ் வச்சுத் தேய்ச்சிடலாமா? சீனியர் எல்லாம் அப்படித்தான் பண்றாங்க.

தும்பை
புல் வகைக்கு ஏதோ பரவாயில்லைப்பா. மத்ததுல இலை நொறுங்கும், பூ பழுப்பாயிடும். சமர்ப்பிக்கிறதுக்கு முந்தின ராத்திரி செஞ்சதுன்னு பார்த்தவுடனே தெரியும். திருநீற்றுப்பச்சிலை மாதிரி லேசான செடிக்கு இந்த அவசரமே வேண்டாம், தானா ஒரு வாரத்துல காயும். சதைப்பத்துள்ள செடின்னா அழுத்துறதுக்கு முன்னாடி சில நொடி கொதிநீர்ல முக்கி எடுங்க, இல்லாட்டி பேப்பருக்குள்ளேயே உசிரோட துளிர் விடும்.

மெஸ் நோட்டு
டிவைடிங் சிஸ்டம், அதாவது மாசச் செலவைச் சாப்பிட்ட நாள் கணக்குல எல்லாரும் பங்கு போட்டுக்கிற விடுதியில மார்கழி பில்லைப் பார்த்து எல்லாரும் செக்ரட்டரியைத் திருடன்ம்பாங்க. கணக்கு இதுதான். 60 பேர், 30 நாள், மொத்தம் 1,800 சாப்பாட்டு நாள். மளிகை, காய், பால் 1,26,000, சமையல்காரங்க சம்பளம் 28,000, கேஸ் 8,000. மொத்தம் 1,62,000, ஒரு நாளுக்கு 90 ரூபாய். பரீட்சை முடிஞ்சு லீவு விட்டா 15 நாள்தான் அடுப்பு எரியும், 900 சாப்பாட்டு நாள். மளிகையும் கேஸும் பாதியாகும், சம்பளம் பாதியாகாது. 63,000, 28,000, 4,000 சேர்த்து 95,000. நாளுக்கு 105 ரூபாய்க்கு மேல. யாரும் திருடலை.

ஊருக்குப் போனா மெஸ் கட் நோட்டுல முந்தின நாளே எழுதணும். தொடர்ந்து இத்தனை நாள் இல்லாட்டிதான் கழிப்போம்னு ஒவ்வொரு விடுதியிலயும் ஒரு விதி இருக்கும், சேரும்போதே கேட்டுக்கோங்க.

பியூரெட்
மாசி, பங்குனி வந்தா வேதியியல் பிராக்டிகல். பெர்மாங்கனேட் டைட்ரேஷன்ல (பியூரெட்ங்கிற அளவுக் குழாய்ல இருந்து பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டா ஆக்ஸாலிக் அமிலத்துல விட்டு அளவு கண்டுபிடிக்கிறது) மார்க் போற இடம் மூணு.

ஒண்ணு, ஆக்ஸாலிக் அமிலம் 20 மி.லி. எடுத்துட்டு, நீர்த்த கந்தக அமிலம் அதே அளவு விடாம கஞ்சத்தனம் பண்றது. அமிலம் குறைஞ்சா பழுப்புக் கலங்கல் வரும், அதோட அந்த ரீடிங் குப்பை. சூடு பத்தாம வேகமாத் திறந்துவிட்டாலும் இதே கதை. 60, 70 டிகிரி இருக்கணும், கொதிக்கக் கூடாது.

ரெண்டு, முதல் சில சொட்டு விட்டவுடனே இளஞ்சிவப்பு போகாம நிக்கும். எண்ட் பாயிண்ட், அதாவது வினை முடிஞ்ச இடம்னு நினைச்சு நிறுத்திடுறாங்க. அந்த வினை மெதுவாத்தான் ஆரம்பிக்கும். உண்டாகிற மாங்கனீசு உப்பே அப்புறம் அதை வேகப்படுத்தும். குலுக்கிட்டுக் காத்திருங்க, நிறம் போயிடும். கடைசியில வர்ற வெளிர் சிவப்பு அரை நிமிசம் நின்னாத்தான் கணக்கு.

மூணு, கரைசல் அடர் நிறம். பியூரெட்ல திரவ மட்டத்தோட அடி வளைவு தெரியாது, மேல் விளிம்பைத்தான் படிக்கணும்.

கோடையில இன்னொண்ணு. காய்ச்சி வடிக்கிற கருவி குளிர ஓடுற தண்ணி வேணும். குழாய் வத்தினா வாலைவடிநீரும் வத்தும். அப்போ சோதிக்கக் கொடுத்த உப்பைக் குழாய்த் தண்ணியில கரைச்சா, சில்வர் நைட்ரேட் சோதனையில வெள்ளையாக் கலங்கும். தண்ணியில இருக்கிற குளோரைடை உங்க உப்புல இருக்குன்னு எழுதிட்டு வருவீங்க. சந்தேகம்னா வெறும் தண்ணியில அதே சோதனையை ஒருதடவை செஞ்சு பாருங்க.

ஒத்தைஜன்னல்
ஏப்ரல் பரீட்சைக்கு ஒண்ணு. பல பல்கலைக்கழகத்துல இன்டர்னல் 25, எக்ஸ்டர்னல் 75. மொத்தத்துல 40 வந்தா பாஸ்னு நினைக்காதீங்க, 75ல தனியா 30 எடுக்கணும். இன்டர்னல் 23, எக்ஸ்டர்னல் 28, கூட்டினா 51, ஆனாலும் அரியர்.

பியூரெட்
மூணாம் வருசத்துக்காரங்க மே மாசம் டிசி வாங்க நோ டியூஸ் ஃபார்மோட (பாக்கி எதுவும் இல்லைன்னு கையெழுத்து வாங்குற படிவம்) அலைவாங்க. லைப்ரரி, லேப், என்எஸ்எஸ், விடுதி எல்லாத்துலயும் கையெழுத்து வேணும். லேபை முதல்ல முடிங்க. உடைஞ்ச பியூரெட்டுக்குப் பேர் எழுதின நோட்டு அட்டெண்டர் பீரோவுல இருக்கும். பரீட்சை வேலை முடிஞ்சதும் அவர் பூட்டிட்டுப் போனார்னா, சாவி திரும்ப ஜூன்லதான் வரும்.