உங்கள் விசுவாசத்தை உருவாக்கிய புத்தகம் எது? அலுமாரியில் எதை வைக்கலாம்?

திருமலைப் பிள்ளை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் மெதடிஸ்த சபையில் வாலிபர் ஐக்கியத்துக்கு ஒரு சின்னப் புத்தக அலுமாரி வைக்கப்போகிறோம், புத்தகம் தெரிவு செய்கிற பொறுப்பை என்னிடம் தந்திருக்கிறார்கள். கடைகளில் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் "ஆசீர்வாதம் பெற வழிகள்" மாதிரியான மெல்லிய புத்தகங்கள்தான் கிடைக்கின்றன. அதை வாசிக்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை, ஆனால் வேலை இல்லாமலும், வீட்டில் ஒருவர் காணாமல்போன நிலையிலும் இருக்கிற எங்கள் பிள்ளைகளுக்கு அது போதவே போதாது.

எனக்கு வழி காட்டிய புத்தகம் ஜோன் பனியனின் மோட்ச பிரயாணம். பாத்திரம் திருத்துகிற தொழில் செய்த மனிதர், அனுமதி இல்லாமல் பிரசங்கம் பண்ணினார் என்று 1660 முதல் 1672 வரை பெட்ஃபோர்ட் சிறையில் இருந்தவர், புத்தகம் வெளிவந்தது 1678இல். ஞாயிறு பாடசாலையில் எங்களுக்குக் கதையாகத்தான் சொன்னார்கள், வளர்ந்தபிறகு முழுதாக வாசித்தபோதுதான் சந்தேகக் கோட்டைப் பகுதி எனக்குள் இறங்கியது. பாதை கால்களுக்குக் கடினமாக இருக்கிறது என்று கதையின் நாயகன் கிறிஸ்தியானும் அவன் தோழனும் பக்கத்துப் புல்வெளியால் நடக்கிறார்கள், அவநம்பிக்கை என்ற அரக்கனிடம் பிடிபடுகிறார்கள், அவன் அடித்து அடைத்து வைத்து, தற்கொலை செய்துகொள்ளுங்கள் என்றுகூடச் சொல்கிறான். விடியும்வரை ஜெபித்தபிறகு கிறிஸ்தியானுக்குத் திடீரென்று ஞாபகம் வருகிறது, வாக்குத்தத்தம் என்ற திறவுகோல் ஆரம்பத்திலிருந்தே அவன் நெஞ்சுப் பக்கத்தில்தான் இருந்தது! அதிலும் ஒரு விஷயம், உள்கதவுகள் சுலபமாகத் திறக்கின்றன, வெளியே உள்ள இரும்புக் கதவின் பூட்டு மட்டும் மிகவும் கஷ்டப்பட்டுத்தான் திறக்கிறது. அந்த ஒரு வரியை எழுதியவர் உண்மையாகவே சிறைக்குள் இருந்தவர் என்று நம்பலாம்.

நல்ல புத்தகங்களின் பட்டியல் எங்கேயும் கிடைக்கும், எனக்கு அது வேண்டாம். உங்களை மாற்றிய புத்தகம் எது, அதில் எந்த இடம் என்று சொல்லுங்கள். எந்தச் சபையாக இருந்தாலும் சரி.

பாலையூற்று அன்ரி எழுதியது:

பிள்ளை, நல்ல காரியம். நான் கத்தோலிக்கம், அதனால் உங்கள் அலுமாரிக்கு இது பொருந்துமா தெரியாது, பொருந்தவேண்டும் என்பது என் ஆசை. இயேசுவின் பாடுகளைச் சொல்லித் தவக்காலத்தில் நாங்கள் இராகத்தோடு வாசிக்கிற வியாகுலப் பிரசங்கம்தான் என்னை வளர்த்தது. எழுதியவர் யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமி, கோவாவிலிருந்து 1705இல் இலங்கைக்கு வந்து 1742இல் இங்கேயே இறந்தவர். ஒல்லாந்தர் கரையோரத்தை வைத்திருந்த காலம் அது, கத்தோலிக்கக் குருக்கள் மறைந்து நடமாடிய காலம். அந்த நெருக்கடிக்குள் இருந்துகொண்டு தமிழையும் சிங்களத்தையும் படித்து இரண்டிலும் எழுதினார் என்றால் யோசித்துப் பாருங்கள்.

அம்மம்மாவுக்கு எழுத்து அவ்வளவாகத் தெரியாது, ஆனால் பெரிய வெள்ளிக்கு முந்திய நாட்களில் யாராவது வாசிக்கத் தொடங்கினால் அடுத்த வரி அவவின் வாயில் வந்துவிடும். மாதாவின் துயரத்தைச் சொல்கிற இடத்தில் பெண்கள் எல்லோரும் அழுவார்கள், தங்கள் தங்கள் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் அழுதார்கள் என்று எனக்குப் பிற்காலத்தில்தான் விளங்கியது. எங்கள் ஊரில் 1990க்குப் பிறகு பிள்ளையைத் தேடி அலைந்த தாய்மார் எத்தனை பேர். அவர்களை யாரும் "அழாதே, விசுவாசமாய் இரு" என்று அடக்காத ஒரே இடம் அந்த வாசிப்புத்தான்.

தோமா கெம்பிஸ் எழுதிய பழைய பக்திநூல் கிறிஸ்துநாதர் அநுசாரமும் வையுங்கள். மனஸ்தாபத்துக்கு, அதாவது பாவத்துக்காக மனம் வருந்துவதற்கு, விளக்கம் சொல்லத் தெரிவதைவிட அதை உள்ளத்தில் உணர்வதே மேல் என்று முதல் அதிகாரத்திலேயே வருகிறது, அதற்குப் பிறகு எனக்கு வேறு உபதேசம் தேவைப்படவில்லை.

உப்புவெளி எழுதியது:

அன்ரி சொன்னதை அப்படியே ஏற்கிறேன். புலம்புவதற்கு இடம் தராத புத்தகத்தை எங்கள் ஊர் அலுமாரியில் வைக்கவேண்டாம் என்பதுதான் என் கருத்தும்.

2004 சுனாமியில் என் தம்பி போனான். அதற்குப் பிறகு வந்த ஆறுதல்காரர் எல்லோரும் "கர்த்தருடைய சித்தம்" என்றார்கள், எனக்கு வேதத்தைத் திறக்கவே மனம் வரவில்லை. ஒரு நண்பன் சி. எஸ். லூயிஸ் எழுதிய ஒரு சின்ன ஆங்கிலப் புத்தகத்தைக் கொண்டுவந்து தந்தான், மனைவி 1960இல் இறந்தபிறகு குறிப்புப் புத்தகங்களில் எழுதிவைத்ததை 1961இல் வேறு பெயரில் வெளியிட்டிருக்கிறார். உலகம் முழுதும் கிறிஸ்தவத்துக்காக வாதாடிய அதே மனிதர்! அவர் எழுதுகிறார், மிகவும் தேவைப்படுகிற நேரத்தில் கடவுளிடம் போனால் முகத்துக்கு நேரே கதவு சாத்தப்படுகிறது, உள்ளே தாழ்ப்பாள் போடுகிற சத்தமும் கேட்கிறது என்று. அதை வாசித்தவுடன் நான் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய்க் கொஞ்சநேரம் நின்றேன். ஒரு விசுவாசி இதைச் சொல்லலாம், சொல்லிவிட்டும் விசுவாசியாக இருக்கலாம் என்பது எனக்கு அன்றுதான் தெரியவந்தது. புத்தகம் அந்தக் கதவோடு முடியவில்லை, பின்னால் அவருடைய தொனி மெதுவாக மாறுகிறது, ஆனால் அவசரப்பட்டு மாறவில்லை.

அப்புறம்தான் 88ஆம் சங்கீதத்துக்குப் போனேன். மற்றப் புலம்பல் சங்கீதங்களில் கடைசியில் ஒரு துதி வரும், இதில் கடைசி வசனம்வரைக்கும் இருட்டுத்தான். அதையும் வேதத்துக்குள் வைத்திருக்கிறார்கள். தங்கச்சி, பிள்ளைகளோடு அதை ஒருநாள் சத்தமாக வாசித்துப் பாருங்கள்.

வார்ட் டியூட்டி எழுதியது:

நான் தாதி, இரவுக் கடமை முடிந்து எழுதுகிறேன், பிழைகள் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்ரி, அநுசாரம் எனக்கு ஒத்துவரவில்லை. உலகத்தை விட்டு ஒதுங்கு, பேச்சைக் குறை, அறையில் தனித்திரு என்று அது சொல்லும்போது அது துறவிகளுக்கு எழுதியது என்பது தெரிகிறது. முப்பது கட்டில் உள்ள வார்டில் எனக்குத் தனி அறை எங்கே? எனக்கு உதவியவர் சகோதரர் லோரன்ஸ், பாரிஸில் கார்மேல் மடத்துச் சமையலறையில் வேலை செய்தவர், 1691இல் இறந்தார். அவருடைய கடிதங்களையும் அவரோடு பேசிய ஒருவர் குறித்துவைத்ததையும் அவர் இறந்தபிறகுதான் புத்தகமாக்கினார்கள். அவருக்குச் சமையல் வேலை இயல்பாகவே பிடிக்காதாம், அது எனக்கு மிகவும் பிடித்த விவரம். பிடிக்காத வேலைக்கு நடுவில், சட்டிகள் சத்தம்போட, நாலு பேர் நாலு பக்கம் கூப்பிட, அங்கேயே கடவுளோடு கதைத்துக்கொண்டிருந்தார், ஜெபவேளையில் இருக்கிற அதே அமைதியோடு. நான் இப்போது சேலைன் மாற்றும்போது அந்தந்த நோயாளியின் பெயரைச் சொல்லி ஒரு வரி ஜெபிக்கிறேன். வேறு எந்தப் புத்தகமும் என் கையில் இவ்வளவு வேலை வாங்கியதில்லை.

திருமலைப் பிள்ளை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, வாசிக்கவே மனம் நிறைகிறது. ஒரு சந்தேகம். ஒல்லாந்து நாட்டு கொரி டென் பூம் அம்மா நாசிகளின் காலத்தைப் பற்றி எழுதிய மறைவிடம் என்ற புத்தகத்தை வைக்கலாமா? எனக்குப் பிடிக்கும், ஆனால் எங்கள் கூட்டத்தில் ஒரு பெண் சொன்னாள், "அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே, தீங்கு செய்தவர்களை மன்னிக்கச் சொல்லி என் அம்மாவை நெருக்குகிறார்கள்" என்று. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

நிலாவெளி றோட் எழுதியது:

கட்டாயம் வையுங்கள், ஆனால் முழுதாக வாசிக்கச் சொல்லுங்கள். மேடைகளில் சொல்லப்படுகிறது அதன் சுருக்கம். யூதர்களை வீட்டில் ஒளித்துவைத்ததற்காக 1944இல் பிடிபட்டார்கள், தகப்பன் பத்து நாட்களுக்குள் சிறையில் இறந்தார், அக்கா பெட்சி நாசிகளின் ராவன்ஸ்புரூக் வதைமுகாமில் இறந்தார். முகாமில் தெள்ளுப்பூச்சிக்காகவும் நன்றி சொல்லவேண்டும் என்று பெட்சி சொன்னபோது கொரிக்கு அது ஏறவில்லை, அதையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். காவலர்கள் அந்தப் பூச்சிக்குப் பயந்துதான் உள்ளே வராமல் இருந்தார்கள், அதனால்தான் இவர்களால் வேதம் வாசிக்க முடிந்தது என்று பிறகு தெரியவருகிறது. யுத்தம் முடிந்தபிறகு முகாமின் பழைய காவலன் ஒருவன் வந்து கை நீட்டுகிறபோது கொரியின் கை எழும்பவில்லை. மனதில் அன்பின் ஒரு பொறிகூட இல்லை, இயேசுவே நீர்தான் தரவேண்டும் என்று ஜெபித்தபிறகே கொடுக்கிறார். அவரை அங்கே யாரும் நெருக்கவில்லை, அந்தத் தாயை நெருக்குகிறவர்கள் இந்தப் பக்கத்தைத் திரும்ப வாசிக்கவேண்டும். இன்னொன்று, அந்தக் காவலன் அவரைத் தேடி வந்து கேட்டான். எங்கள் தாய்மாரிடம் இதுவரை யார் வந்து கேட்டார்கள்?

அந்தப் பிள்ளைக்கு ஜெர்மன் போதகர் போன்ஹோஃபரையும் கொடுங்கள். 1937இல் சீஷத்துவத்தைப் பற்றி எழுதிய புத்தகத்தின் தொடக்கமே மலிவான கிருபைக்கு எதிரானதுதான், மனந்திரும்புதல் கேட்காமல் மன்னிப்பைப் பிரசங்கிப்பதைத்தான் அவர் மலிவு என்கிறார். எட்டு வருடத்தில், 1945 ஏப்ரல் 9இல், நாசிகள் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

எங்கள் ஆளை ஒருவரும் சொல்லவில்லையே, அதுதான் எனக்குக் கவலை. டி. ரி. நைல்ஸ், யாழ்ப்பாணத்துத் தமிழர், உங்கள் மெதடிஸ்த சபைக்காரர், 1948இல் ஆம்ஸ்டர்டாமில் உலகத் திருச்சபை மன்றம் தொடங்கியபோது அங்கே பிரசங்கம் செய்தவர். சுவிசேஷம் சொல்வது என்பது சோறு கிடைக்கிற இடத்தை ஒரு பிச்சைக்காரன் இன்னொரு பிச்சைக்காரனுக்குச் சொல்வது என்ற கருத்து உலகம் முழுதும் போனது அவரிடமிருந்துதான். பழைய குருமார் வீடுகளில் விசாரித்தால் அவர் புத்தகங்கள் ஒன்றிரண்டு அகப்படும்.

பாலையூற்று அன்ரி எழுதியது:

தாதிப் பிள்ளை சொன்னதும் சரி, அநுசாரம் எல்லோருக்கும் இல்லை, வயது போனபிறகு திரும்ப ஒருக்கா பாருங்கள். மற்றது, வியாகுலப் பிரசங்கம் என்னிடம் இருப்பது பழைய அச்சு, தாள் உடைகிறது, இரவல் தரப் பயம். போட்டோக்கொப்பி எடுக்கலாம். வெள்ளிக்கிழமை பின்னேரம் சிலுவைப்பாதை முடிந்து கோயில் வாசலில் நிற்பேன், உங்கள் கூட்டத்துப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், இராகத்தையும் சொல்லித்தருகிறேன். எழுத்தில் மட்டும் வாசித்தால் அது பாதிதான்.