மியூனிக் 1938: சேம்பர்லைன் அவகாசம் வாங்கினாரா, ஏமாந்தாரா?

கேள்வி:
1938 செப்டம்பரில் மியூனிக்கில், செக்கோஸ்லோவாக்கியாவின் எல்லைப் பகுதியை ஜெர்மனிக்கு விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தத்தில் பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லைன் கையெழுத்துப் போட்டார். அவரை ஒரு சாரார் ஹிட்லரிடம் ஏமாந்த கோழை என்கிறார்கள். மறுசாரார், தயாராவதற்கு ஓராண்டு வாங்கிக் கொடுத்தார் என்கிறார்கள். பிரிட்டனின் விட்டுக்கொடுப்புக் கொள்கைக்கு உண்மையான காரணம் எது?

பதில் 1:
முதலில் கஜானாவைப் பாருங்கள். "அடுத்த பத்தாண்டுக்குப் பெரிய போர் கிடையாது" என்று வைத்துக்கொண்டுதான் 1919 முதல் 1932 வரை ராணுவ பட்ஜெட் போட்டார்கள். ஆர்டர் இல்லாமல் ஆயுதத் தொழில் இளைத்துப்போனது. 1937-ல் 40 கோடி பவுண்ட் கடன் திரட்ட முடிவெடுத்தபோது பணம் வந்தது. தேர்ந்த மெக்கானிக்கும் இயந்திரக் கருவியும்தான் போதவில்லை. முதல் உலகப் போர்க் கடனை அடைக்காத நாட்டுக்குக் கடன் தரக்கூடாது என்ற 1934-ன் ஜான்சன் சட்டம் அமெரிக்கக் கதவையும் சாத்திவிட்டது. 1931 முதல் 1937 வரை நிதியமைச்சராகக் கஜானா சாவி சேம்பர்லைன் இடுப்பில்தான் இருந்தது. இதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

இதோடு 1937 டிசம்பரில் முப்படைத் தளபதிகளின் எச்சரிக்கை: ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான் மூன்றையும் ஒருசேரச் சமாளிக்க முடியாது, எதிரிகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

பதில் 2:
குண்டுவீச்சுப் பயத்தை விட்டுவிட்டீர்களே. 60 நாள் தாக்குதலில் 6 லட்சம் பேர் சாவார்கள் என்று 1937-ல் கணக்குப் போட்டார்கள். ஒரு டன் குண்டுக்கு 50 பேர் செத்தோ காயம்பட்டோ விழுவார்கள் என்பது அடிப்படை. முதல் உலகப் போரில் லண்டன் மீது நடந்த சில தாக்குதல்களை வைத்து எடுத்த விகிதம் அது. பிறகு ஆறாண்டுப் போர் முழுவதிலும் குண்டுவீச்சில் இறந்த பிரிட்டிஷ் பொதுமக்கள் சுமார் 60,000.

மியூனிக் சமயத்தில் ஹரிகேன் போர்விமானங்கள் ஐந்து ஸ்குவாட்ரன்தான் (விமானப் படைப்பிரிவு). அவற்றின் துப்பாக்கிகளுக்குச் சூடேற்றும் வசதி இல்லாததால் 15,000 அடிக்கு மேல் சுட முடியாது.

பதில் 3:
இரண்டும் சரி. ஆனால் "அவகாசம் வாங்கினார்" என்பது பின்னால் ஒட்டவைத்த விளக்கம். அவகாசத்துக்காகத்தான் கையெழுத்துப் போட்டார் என்றால், மறுநாளே தரைப்படையைப் பெருக்கியிருக்க வேண்டும். ஐரோப்பாவில் இறங்கிச் சண்டையிடத் தரைப்படையைத் தயார்செய்ய அமைச்சரவை ஒப்புக்கொண்டது 1939 பிப்ரவரியில். கட்டாய ராணுவச் சேவை வந்தது, மார்ச்சில் செக் தலைநகர் பிராக்கை ஹிட்லர் பிடித்த பிறகு, ஏப்ரலில். ஒப்பந்தம் நிலைக்கும் என்று அவர் நிஜமாகவே நம்பினார்.

அவகாசம் எதிராளிக்கும்தான் கிடைத்தது. செக்கோஸ்லோவாக்கியாவின் மலைக்கோட்டை வரிசையும் சுமார் 35 டிவிஷன்களும் சண்டையே இல்லாமல் கணக்கிலிருந்து போயின. 1940-ல் ஜெர்மன் தளபதி ரொம்மலின் 7-வது பான்சர் (டாங்குப் படை) டிவிஷன் பிரான்சுக்குள் ஓட்டிப்போன டாங்குகளில் கணிசமானவை செக் தயாரிப்பு.

கேள்வி கேட்டவர்:
ரேடார்? அதுவாவது அந்த ஓராண்டின் லாபம்தானே?

பதில் 3:
லாபம்தான். 1938 செப்டம்பரில் தேம்ஸ் முகத்துவாரத்தைச் சுற்றி ஐந்து நிலையங்கள்தான் இயங்கின. ஆனால் 20 நிலையங்களுக்கான ஒப்புதலைக் கருவூலம் 1937 ஆகஸ்டிலேயே கொடுத்துவிட்டது.