டர்போ சி நிரலை டிஜேஜிபிபியில் "அப்படியே" ஏற்றலாம் என்பவர்களுக்கு

செக்மென்ட்சாமி

புதுக்கருவி இன்னொரு இழையில் எழுதியது இது: "டர்போ சி நிரலா? ஃபார் என்ற சொல்லை வெற்று மேக்ரோ ஆக்குங்கள், டிஜேஜிபிபியில் அப்படியே கம்பைல் பண்ணுங்கள். எச்சரிக்கை வரவில்லையென்றால் வேலை முடிந்தது." இதற்கு நாலு பேர் நன்றி வேறு சொல்லியிருக்கிறார்கள். அதனால்தான் தனி இழை. டர்போ சி என்பது போர்லாண்ட் நிறுவனத்தின் பழைய 16 பிட் டாஸ் கம்பைலர்; டிஜேஜிபிபி 32 பிட் டாஸ் நிரல் கட்டும் கம்பைலர்.

எச்சரிக்கை வராதுதான். டர்போ சியில் ஃபார் பாயின்டர், அதாவது தொலைவு நினைவக முகவரி, 4 பைட்: மேல் பாதி செக்மென்ட், கீழ் பாதி ஆஃப்செட். டிஜேஜிபிபியில் சாதாரண பாயின்டரே 4 பைட், ஆனால் அது ஒரே நீட்டு முகவரி. இரண்டும் ஒரே அளவு என்பதால் கம்பைலர் வாயைத் திறக்காது. பி800:0000 என்று எழுதிய திரை முகவரி இங்கே 3087007744 ஆகிவிடும். முதல் எழுத்திலேயே ஜெனரல் புரொடெக்‌ஷன் ஃபால்ட், அதாவது நினைவக எல்லை மீறல் என்று நிரல் நின்றுவிடும்.

அதுகூடப் பரவாயில்லை, விழுந்தது கண்ணுக்குத் தெரிகிறது. பயாஸ் கடிகாரத் துடிப்பு இருக்கும் 0040:006சி-யை எடுங்கள். உண்மையான முகவரி, செக்மென்டை 16 ஆல் பெருக்கி ஆஃப்செட்டைக் கூட்டினால், 1132. வெற்று மேக்ரோ போட்டால் கம்பைலர் பார்ப்பது 4194412. நிரல், நினைவகம் கேட்கும் மேலாக் சார்பு மூலம் 4 எம்பிக்கு மேல் வாங்கியிருந்தால் அந்த முகவரி அதன் சொந்த நினைவகத்துக்குள்ளேயே விழும். ஃபால்ட் வராது, குப்பை எண் வரும், அதை வைத்து நேரக்கணக்கு ஓடும்.

எல்லாவற்றையும்விட மோசம் கோப்பு. பல மாறிகளைச் சேர்த்து வைக்கும் ஒரு ஸ்ட்ரக்டில் கேர் ஒன்று, இன்ட் ஒன்று, லாங் ஒன்று. டர்போ சி வட்டில் எழுதியது ஏழு பைட். டிஜேஜிபிபியில் இன்ட் 4 பைட், கேருக்குப் பின்னால் 3 பைட் இடைவெளி, அதனால் அதே ஸ்ட்ரக்ட் 12 பைட். 120 பதிவு உள்ள கோப்பு 840 பைட். 12 ஆல் மீதியில்லாமல் வகுபடும். கோப்பைப் படிக்கும் ஃப்ரீட் சார்பு ஒரு பிழையும் சொல்லாமல் 70 பதிவு படித்துவிட்டு நிற்கும். இதுவா "வேலை முடிந்தது"?

புதுக்கருவி

சாமி ஐயா, மேற்கோள் காட்டினா முழுசா காட்டுங்க. "பெரும்பாலான நிரல்களுக்கு"ன்னும் எழுதியிருந்தேன். திரையில நேரடியா எழுதுற நிரலுக்கு ஃபார்போக் சார்புகள் இருக்கு. டாஸ் நினைவகத்தைக் காட்டுற டாஸ் டிஎஸ் செலக்டரைக் கொடுத்து, பி8000 ஹெக்ஸோட ஆஃப்செட்டைக் கூட்டினா போதும். திரை முழுக்க எழுதணும்னா ஃபார்செட்செல் ஒரு தடவை, அப்புறம் ஃபார்என்எஸ்போக். கோட்டுஎக்ஸ்ஒய், டெக்ஸ்ட்கலர், சிபிரிண்ட்எஃப் எல்லாம் போர்லாண்ட் பெயரிலேயே இருக்கு. இன்போர்ட்பி, அவுட்போர்ட்பியும் இருக்கு.

ஏழு பைட்டுக்கு, இடைவெளி விடாம அடுக்குற பேக்டு அட்ரிபியூட் போடுங்க. ஒரே சொல். இதுக்கா தனி இழை?

செக்மென்ட்சாமி

பேக்டு போட்டால் 9 பைட் வரும், ஏழு வராது. இடைவெளி போய்விடும், ஆனால் இன்ட் 4 பைட்டாகவே இருக்கும். 1 + 4 + 4. சைஸ்ஆஃப் போட்டு ஒரு தடவை அச்சடித்துப் பார்த்திருந்தால் இந்தப் பதிலை எழுதியிருக்க மாட்டீர்கள்.

புதுக்கருவி

இன்டை ஷார்ட் ஆக்கிட்டு பேக்டு போட்டா ஏழு. இதுகூட நான் சொல்லணுமா?

செக்மென்ட்சாமி

சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் "அப்படியே" என்று எழுதியது நீங்கள். ஷார்ட் ஆக்குவது மாற்றம். எந்த இன்டை ஷார்ட் ஆக்குவது, எதை விடுவது என்று ஒவ்வொரு ஸ்ட்ரக்டாகப் பார்ப்பது அதைவிடப் பெரிய மாற்றம். 65535 தாண்டினால் சுழியத்துக்குத் திரும்பும் என்று நம்பி அன்சைன்டு இன்டில் எழுதிய செக்சம் எல்லாம் 32 பிட்டில் வேறு விடை தரும். லாங் டபுள் டர்போ சியில் 10 பைட், உங்கள் டிஜேஜிபிபியில் 12. நிரலைத் திருத்தாமல் ஏழு பைட் எங்கே என்று கேட்கிறேன், இன்னும் வரவில்லை.

கேள்விக்குறி

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். "ஏற்றுவது" என்றால் பழைய எக்ஸியைப் போலவே 16 பிட்டில் மறுபடி கட்டுவதா, 32 பிட்டுக்கு மாற்றுவதா? புதிய கருவி என்றால் கம்பைலர் மட்டுமா, டீபக்கருமா? இதை முடிவு செய்துவிட்டுப் பேசினால் பாதிச் சண்டை குறையும்.

வாட்காம்வேலு

ரெண்டு பேருமே தப்பான கருவியை வெச்சு அடிச்சுக்கிறீங்க. ஓப்பன் வாட்காம் 2 இன்னைக்கும் 64 பிட் விண்டோஸ், லினக்ஸ் ரெண்டிலும் ஓடி 16 பிட் டாஸ் எக்ஸி கட்டித் தருது. இன்ட் 2 பைட், ஃபார் சொல் உண்டு, செக்மென்ட்டையும் ஆஃப்செட்டையும் சேர்த்து ஃபார் பாயின்டர் தர்ற எம்கேஎஃப்பி உண்டு. சாமி கேட்ட ஏழு பைட் தானா வரும்.

செக்மென்ட்சாமி

தானாக வராது, வேலு. வாட்காமின் 16 பிட் கம்பைலர் எதுவும் சொல்லாவிட்டால் ஸ்ட்ரக்டை 2 பைட் எல்லையில் அடுக்கும். கேருக்குப் பின்னால் ஒரு பைட் ஓட்டை. மொத்தம் 8. உங்கள் கருவியின் பழக்கத்தை நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

வாட்காம்வேலு

இசட்பி1 போட்டா 7. அது கட்டளை வரியில ஒரு சுவிட்ச், நிரல்ல கை வைக்க வேண்டாம். ஒரு சுவிட்சுக்கும் நிரலையே திருத்துறதுக்கும் வித்தியாசம் தெரியாதவங்களுக்கு விளக்கிச் சொல்றேன், குறிச்சுக்கோங்க.

வாட்காமைக் கூப்பிடுற டபிள்யூசிஎல் கட்டளைக்கு: லார்ஜ் மாடலுக்கு, அதாவது பாயின்டர் எல்லாம் ஃபாரா இருக்கிற அமைப்புக்கு, எம்எல். இசட்பி1. இஐ, இது எனமை இன்ட் அளவுக்கு வைக்கும். இல்லேன்னா வாட்காம் சின்ன எனமை 1 பைட்டாச் சுருக்கிடும், டர்போ சி 2 பைட் வைக்கும். ஜே, இது கேரை சைன்டு ஆக்கும். வாட்காமில் கேர் இயல்பாவே அன்சைன்டு. கெட்சியோட விடையைக் கேர்ல வாங்கி மைனஸ் 1 வர்ற வரைக்கும் சுத்துற நிரல் ஜே இல்லாம நிக்கவே நிக்காது. டீபக் தகவலுக்கு டி2. அஞ்சையும் முதல்லயே போட்டுட்டா பாதி அழுகை வராது.

கெட்வெக்ட், செட்வெக்ட் ரெண்டுக்கும் டாஸ்கெட்வெக்ட், டாஸ்செட்வெக்ட்னு மேக்ரோ. இன்டரப்ட் சார்பு போர்லாண்ட் பாணியில ரெஜிஸ்டர்களை ஒவ்வொண்ணா வாங்கினா, அதை மட்டும் இன்ட்பேக் யூனியனுக்கு மாத்தணும். அவ்வளவுதான்.

புதுக்கருவி

"நிரல்ல கை வைக்க வேண்டாம்"னு சொன்ன அதே மூச்சுல மூணு இடத்துல மாத்தச் சொல்றீங்க வேலு. கோட்டுஎக்ஸ்ஒய் வாட்காம்ல எங்கே இருக்கு? நீங்களே எழுதணும். போர்லாண்டோட கிராஃபிக்ஸ் நூலகமும் இல்லை.

வாட்காம்வேலு

கோட்டுஎக்ஸ்ஒய் எழுத இன்டரப்ட் 10, ஏஹெச்சில் 2. டிஹெச்சில் வரிசை, டிஎல்லில் நெடுவரிசை, ரெண்டிலும் ஒண்ணு கழிச்சு. போர்லாண்ட் 1ல தொடங்கும், பயாஸ் 0ல தொடங்கும். போர்லாண்ட் கிராஃபிக்ஸ் டிஜேஜிபிபியிலும் இல்லை, நீங்க ஜிஆர்எக்ஸ், பிசிசி2ஜிஆர்எக்ஸ்ங்கிற நூலகங்களைத் தனியா இறக்கணும். அதைச் சொல்லாம விட்டது ஏன்?

செக்மென்ட்சாமி

வேலு சொல்லாமல் விட்டதையும் சேர்த்துக்கொள்கிறேன். போர்லாண்டின் அசெம்ப்ளரான டாசமில் எழுதிய பழைய ஆப்ஜெக்ட் கோப்பு ஒன்று கையில் இருக்கிறது, மூலம் இல்லை என்று வையுங்கள். வாட்காமில் இணைத்தால் இ2028, "வரையறுக்கப்படாத குறியீடு". போர்லாண்ட் பெயருக்கு முன்னால் அடிக்கோடு போடும், வாட்காம் பின்னால் போடும். பெயரை மட்டும் சரிசெய்தால் இணையும், ஓடும்போது கவிழும். வாட்காம் மதிப்புகளை ரெஜிஸ்டரில் அனுப்புகிறது, பழைய அசெம்பிளி ஸ்டாக்கில் தேடுகிறது. ஸ்டாக்கில் அனுப்பச் சொல்லி அறிவிப்பில் சிடெக்ல் போட வேண்டும். டிஜேஜிபிபியில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை; ஆப்ஜெக்ட் கோப்பின் வடிவம் அங்கே காஃப், இங்கே ஓஎம்எஃப், இணைக்கவே முடியாது. புதுக்கருவியின் "பெரும்பாலான நிரல்களில்" அசெம்பிளி சேர்ந்தவை எண்ணப்படவில்லை போலிருக்கிறது.

பாஸ்கல்பித்தன்

சியை விடுங்க. டர்போ பாஸ்கல் 7 எக்ஸியை வேகமான கணினியில் ஓட்டினா ரன்டைம் எரர் 200 வருதே, அதைப் பத்தி ஒருத்தரும் பேச மாட்டேங்கறீங்க.

செக்மென்ட்சாமி

அதை வேறொரு இழையில் ஏற்கெனவே விளக்கியாகிவிட்டது. அங்கே புதுக்கருவி "நினைவகம் போதாததால் வருகிறது" என்று எழுதிவிட்டு இன்றுவரை திருத்தவில்லை. திரையையும் விசைப்பலகையையும் கவனிக்கும் சிஆர்டி யூனிட் தொடங்கும்போது ஒரு துடிப்பு நேரத்தில், அதாவது 55 மில்லிசெகண்டில், எத்தனை சுற்று ஓடுகிறது என்று எண்ணி 55 ஆல் வகுக்கும். ஈவு 16 பிட்டுக்குள் அடங்க வேண்டும். சுற்று 3604480-ஐத் தொட்டால் ஈவு 65536, வகுத்தல் நிரம்பி வழிகிறது, இன்டரப்ட் 0 வருகிறது. நினைவகத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பழைய டாஸ் கணினியைப் போல நடிக்கும் டாஸ்பாக்ஸில் வேகத்தை, அதாவது சைக்கிளை, குறைத்தால் வராது. மூலம் இருந்தால் சிஆர்டியைத் திருத்தி மறுபடி கட்டுவதுதான் முறை.

பாஸ்கல்பித்தன்

ஃப்ரீ பாஸ்கல் 3.0-ல இருந்து ஐ8086 டாஸுக்கே கட்டலாம், இந்தப் பிழையே கிடையாது.

செக்மென்ட்சாமி

கட்டலாம். ரியல் டர்போ பாஸ்கலில் 6 பைட், அங்கே 8. ரியல் எழுதிய பழைய கோப்பைத் திறந்து பாருங்கள். மறுபடியும் அதே ஏழு பைட் கதை, வேறு மொழியில்.

புதுக்கருவி

எல்லாத்தையும் ஏழு பைட்டுக்கே இழுத்துட்டு வர்றீங்க. டீபக்கிங் பத்தி ஒரு வார்த்தை பேசினீங்களா? டர்போ சியில சுழிய பாயின்டர்ல எழுதினா, ஸ்மால் மாடல்ல, நிரல் முடிஞ்ச பிறகு "நல் பாயின்டர் அசைன்மென்ட்"னு ஒரு வரி வரும். எங்கே எழுதினதுன்னு சொல்லாது. லார்ஜ் மாடல்ல அந்த வரிகூட வராது. டிஜேஜிபிபியில, பாதுகாப்பு முறையைத் தர்ற சிடபிள்யூஎஸ்டிபிஎம்ஐ அடியில ஓட்டினா எழுதின இடத்துலயே ஃபால்ட். ஜி சுவிட்ச் போட்டுக் கட்டியிருந்தா, திரையில விழுந்த இஐபி முகவரிகளை, அதாவது நிரல் நின்ன இடங்களை, சிமிஃபைங்கிற கருவி வரி எண்ணா மாத்தித் தரும். பத்து வருஷமா ஒளிஞ்சிருக்கிற பிழை முதல் ஓட்டத்திலேயே மாட்டும்.

வாட்காம்வேலு

ஓ2 போட்டு ஃபிரேம் பாயின்டர் போயிட்டா சிமிஃபை காட்டுற அழைப்புச் சங்கிலி பாதியில அறுந்துடும். அதையும் சொல்லுங்க.

செக்மென்ட்சாமி

கட்டிய நிரலை மட்டும் டீபக் செய்தால் போதாது. பழைய எக்ஸி என்ன செய்தது என்று பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் புதியது சரி என்று எப்படிச் சொல்வீர்கள்? டாஸ்பாக்ஸின் சாதாரணப் பதிப்பில் டீபக்கர் கிடையாது; டீபக்கர் சேர்த்துக் கட்டிய பதிப்பு வேண்டும். உள்ளே டீபக் என்று எழுதி எக்ஸி பெயரைக் கொடுத்தால் நுழைவாயிலிலேயே நிற்கும். அந்த நொடியில் டிஎஸ் ரெஜிஸ்டர், நிரலுக்கு முன்னால் டாஸ் வைக்கும் தகவல் பகுதியான பிஎஸ்பியைக் காட்டும். அதோடு 10 ஹெக்ஸ் கூட்டினால் நிரல் ஏறிய செக்மென்ட். போர்லாண்டின் இணைப்பான் டிலிங்க் தந்த மேப் கோப்பில் உள்ள செக்மென்டை இதோடு கூட்டி, ஆஃப்செட்டை அப்படியே வைத்து பிபி என்ற நிறுத்தக் கட்டளை போடுங்கள். மேப் எண்ணை நேரே கொடுத்துவிட்டு "நிற்கவே இல்லை" என்பவர்கள் இந்தக் கூட்டலை விட்டவர்கள்.

மேப் இல்லையென்றால் பிபிஇன்ட் 21 3டி. கோப்பு திறக்கும்போதெல்லாம் நிற்கும். அடுத்து, கோப்பைப் படிக்கும் அழைப்பான 3எஃப்-இல் நிறுத்தி, எத்தனை பைட் கேட்கிறது என்று சிஎக்ஸைப் பாருங்கள். டர்போ சி ஃப்ரீட் இடைக்கிடங்கு வழியாகப் படிப்பதால் பெரும்பாலும் 512 தெரியும். செட்பஃப் மூலம் கிடங்கை நிறுத்தினால் அந்த எண் மாறும். புதுக்கருவி கட்டிய எக்ஸியில் எத்தனை தெரிகிறது என்று அவரே பார்த்து எழுதட்டும்.

புதுக்கருவி

டிஜேஜிபிபி எக்ஸி பாதுகாப்பு முறையில ஓடுது, டாஸ் அழைப்பு டிரான்ஸ்ஃபர் பஃபர் வழியாப் போகுது. அங்கே சிஎக்ஸைப் பார்த்து ஸ்ட்ரக்ட் அளவைச் சொல்ல முடியாது. இது தெரிஞ்சேதான் கேக்குறீங்க.

செக்மென்ட்சாமி

தெரிந்துதான் கேட்டேன். இரண்டையும் ஒரே கண்ணால் பார்க்க முடியாது என்பதைத்தான் இவ்வளவு நேரம் சொல்கிறேன். "அப்படியே" என்ற சொல்லை அந்தப் பதிவிலிருந்து எடுங்கள்.

புதுக்கருவி

எடுக்க மாட்டேன். ஷார்ட், பேக்டு, ஃபார்போக், மூணும் ஒரே தலைப்புக் கோப்புல மேக்ரோவா வெச்சா மூலக் கோப்பு அப்படியேதான் இருக்கும்.

வாட்காம்வேலு

ஃபார் பாயின்டர்ல நட்சத்திரம் போட்டு எழுதின வரியை எந்த மேக்ரோ ஃபார்போக்கா மாத்தும்? அந்த மேக்ரோவை இங்கே போடுங்க பார்ப்போம்.

புதுக்கருவி

நியர்பிடிஆர் எனேபிள் போட்டு கன்வென்ஷனல் பேஸைக் கூட்டினா நட்சத்திரம் அப்படியே வேலை செய்யும்.

செக்மென்ட்சாமி

அதைப் போட்டால் நினைவகப் பாதுகாப்பே போய்விடும். வழிதவறிய பாயின்டர் டாஸின் மேலேயே எழுதும். சற்று முன்னால் பெருமையாகச் சொன்ன "எழுதின இடத்துலயே ஃபால்ட்" அதோடு போச்சு. அது போகட்டும், டைமர் இன்டரப்ட் 1சி-யைப் பிடிக்கும் நிரலுக்கு நினைவகத்தை வட்டுக்குப் போகாமல் லாக் செய்வது பற்றி உங்கள் பதிவில் ஒரு வரிகூட இல்லையே?

புதுக்கருவி

அதுக்கு சிடபிள்யூஎஸ்டிபிஆர்0 இருக்கு, அது நினைவகத்தை வட்டுக்கு மாத்தவே மாத்தாது. அடுத்து எதை இழுக்கப் போறீங்க?

செக்மென்ட்சாமி

ஏழு பைட்டை.