பெருமழை இல்லாவிட்டால் தூறல் போதுமா? அல்பகரா 265 பற்றி ஒரு சந்தேகம்

நாகலூர்க்காரன் கேட்டது:

அஸ்ஸலாமு அலைக்கும். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கிறது. அத்தா காலத்துச் செடிகள். மேலே சில்வர் ஓக், அதில் மிளகுக் கொடி. எனக்குக் குர்ஆன் ஓதத் தெரியும், அரபிக்குப் பொருள் தெரியாது. தர்ஜுமா (தமிழ் மொழிபெயர்ப்பு) வைத்துத்தான் படிக்கிறேன்.

போன வாரம் ஃபஜ்ர் தொழுகைக்குப் பிறகு குர்ஆனின் இரண்டாம் சூராவான (அத்தியாயமான) அல்பகரா படித்துக்கொண்டு வந்தவன் 265ஆம் ஆயத்தில் (வசனத்தில்) நின்றுவிட்டேன். அல்லாஹ்வின் பொருத்தத்தை நாடிச் செலவு செய்கிறவர்களுக்கு மேட்டு நிலத்துத் தோட்டம் ஒன்று உவமையாக வருகிறது. பெருமழை பெய்தால் அது இரண்டு மடங்கு பலன் தரும், பெருமழை இல்லாவிட்டால் தூறலே போதும் என்று என்னிடம் உள்ள தர்ஜுமா சொல்கிறது.

மேட்டு நிலத்துத் தோட்டம் என்றதுமே எங்கள் தோட்டம்தான் கண்ணில் வந்தது. சந்தேகமும் அங்கேதான் வந்தது. காப்பிக்குத் தூறல் போதாது. மாசி, பங்குனியில் மொட்டெல்லாம் அரிசி மாதிரி கணுவுக்குக் கணு நிற்கும். பூ மழை ஒரு அங்குலமாவது சேர்ந்தாற்போல் இறங்க வேண்டும். இறங்கினால் எட்டுப் பத்து நாளில் தோட்டம் முழுக்க வெள்ளை, மல்லிகை வாசனை. வெறும் தூறல் விழுந்தால் மொட்டு பாதி விரிந்து அப்படியே கருகிவிடும். இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்களுக்கு அப்படித்தான் ஆனது.

அல்லாஹ்வின் சொல்லில் எனக்குச் சந்தேகம் இல்லை. நான் புரிந்துகொண்டதில் ஏதோ குறை இருக்கிறது. ஒருவரிடம் கேட்டேன், உவமைக்கெல்லாம் கணக்குப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மனசு கேட்கவில்லை. அரபி தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அங்கே இருப்பது என்ன சொல்?

கோட்டை ஆசிரியை:

வஅலைக்குமுஸ்ஸலாம் சகோதரரே. சேலத்தில் பெண்கள் மத்ரஸாவில் அரபி இலக்கணம் நடத்துகிறேன். இந்த இரண்டு ஆயத்துகளையும் ஒவ்வொரு வருடமும் ஒரு வகுப்பு முழுக்க வைத்துக்கொள்வேன். அவ்வளவு இருக்கிறது இதில்.

முதலில் உங்கள் கேள்விக்கு வருகிறேன். 'போதும்' என்ற சொல் அரபியில் இல்லை. அங்கே இருப்பது: ஃபஇன் லம் யுஸிப்ஹா வாபிலுன் ஃபதல். 'பெருமழை அதன்மேல் விழாவிட்டால், தூறல்.' அதோடு முடிந்தது, வினைச்சொல்லே கிடையாது. தூறல் விழும் என்றோ, தூறல் போதும் என்றோ இலக்கணக்காரர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். தமிழில் அப்படியே விட்டால் வாக்கியம் தொங்கும், அதனால் தர்ஜுமாவில் ஒரு சொல்லைச் சேர்த்திருக்கிறார்கள். அது தப்பில்லை. ஆனால் ஓதிப் பாருங்கள். வாபில், அதாவது பெருமழை, விழுந்ததைச் சொல்லும்போது விழுந்தது, பலன் கொடுத்தது, இரண்டு மடங்கு என்று வாக்கியம் நீண்டு ஓடுகிறது. தூறலுக்கு ஒரே ஒரு சொல். சொல்லும் தூறிவிட்டு நின்றுவிடுகிறது.

இரண்டு மடங்கு என்பது வாபிலுக்கு மட்டும்தான் சொல்லப்பட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். தல் விழுந்தால் எவ்வளவு விளையும் என்று ஆயத் சொல்லவில்லை. தல் என்பது மிக லேசான தூறல். பனி என்றே பொருள் சொன்ன முஃபஸ்ஸிர்களும் (குர்ஆன் விரிவுரையாளர்களும்) உண்டு.

அப்புறம், ஆயத்தில் தோட்டத்துக்கு வரும் சொல் 'ஜன்னா'. அதன் வேருக்கு மறைத்தல் என்று பொருள். வயிற்றில் மறைந்திருக்கும் சிசு ஜனீன், கண்ணுக்கு மறைந்திருப்பது ஜின். மரம் அடர்ந்து மண்ணை மறைத்துவிட்ட தோட்டம்தான் ஜன்னா.

இனி ஓர் ஆயத் முன்னால் போங்கள், 264. கொடுத்துவிட்டுச் சொல்லிக்காட்டுகிறவனுக்கு உவமை வழுக்குப் பாறை, மேலே கொஞ்சம் மண். (அரபியில் 'மன்னு' என்று வருவதற்குத் தமிழில் 'சொல்லிக்காட்டுதல்' மாதிரி பொருந்துகிற சொல் வேறு எந்த மொழியில் கிடைக்குமோ!) அந்தப் பாறையைப் பற்றி வருவது 'அஸாபஹு வாபிலுன்'. தோட்டத்தைப் பற்றி வருவது 'அஸாபஹா வாபிலுன்'. அதே வினை, அதே மழை. ஹு, ஹா என்ற ஓர் எழுத்து மட்டும்தான் மாறுகிறது. பாறையில் மண் கழுவிக்கொண்டு போய் மொட்டையாக நிற்கிறது, தோட்டத்தில் கனி இரட்டிக்கிறது. வேறு மழைச் சொல் போட்டிருந்தால் குற்றம் மழையின் பேரில் போயிருக்கும். இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் குரல் தழுதழுக்கிறது.

மஞ்சக்குட்டை:

பாய், நான் குர்ஆன் படித்தவன் இல்லை. ஆனால் முப்பது வருடமாகத் தோட்ட வேலை. அதை வைத்து ஒன்று சொல்கிறேன்.

தை மாசம் மழை கிடையாது. ராத்திரி மூடுபனி இறங்கி ஓக் இலையில் கோத்து விடியவிடியச் சொட்டும். நிழல் உள்ள இடத்தில் சருகைக் கையால் விலக்கினால் அடியில் மண் கறுப்பாக, ஈரமாக இருக்கும். நிழல் மரத்தை வெட்டிய சரிவில் அதே பனிதான் இறங்குகிறது, ஆனால் பத்து மணிக்கே செடி இலையைத் தொங்கப் போட்டுவிடும். தூறல் பூ எடுக்காது, சரி. ஆனால் பூ மழை வரும்வரை செடியின் உயிரைப் பிடித்து வைக்கும். டீச்சர் சொன்ன 'மண்ணை மறைத்த தோட்டம்' என்றதும் எனக்கு அதுதான் புரிந்தது.

டீச்சரம்மா, நாங்கள் காத்துக் கிடக்கிற பூ மழைக்கும் அரபியில் ஒரு பேர் இருக்கிறதா?

கோட்டை ஆசிரியை:

அண்ணா, நீங்கள் சொன்னதை என் மாணவிகளுக்குச் சொல்லப் போகிறேன். தஃப்ஸீரில் (விரிவுரையில்) எத்தனை முறை படித்தும் அந்த ஈர மண்ணை நான் கண்டதில்லை.

பூ மழைக்கென்று தனிப் பெயர் எனக்குத் தெரியாது. ஆனால் காத்துக் கிடந்து வருகிற மழைக்குக் குர்ஆனில் சொல் உண்டு: 'ஃகைஸ்'. 42ஆவது சூரா 28ஆம் ஆயத், அவர்கள் நம்பிக்கை இழந்த பிறகு அவன் ஃகைஸை இறக்குகிறான் என்கிறது. உதவிக்குக் கூப்பிடுவதற்கான அரபிச் சொல் இதற்கு ஒட்டினாற்போல் ஒலிக்கும். பேச்சில் மழைக்குப் பொதுச்சொல் 'மதர்'. ஆனால் குர்ஆனில் மதர் பெரும்பாலும் தண்டனையாக வரும், லூத் நபியின் ஊர்மேல் பொழிந்தது போல. இல்லாவிட்டால் தொந்தரவாக வரும். 9ஆம் நூற்றாண்டிலேயே அரபி எழுத்தாளர் அல்ஜாஹிஸ் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். நபியை மறுத்து அழிந்த ஆது கூட்டத்தார் மேகத்தைப் பார்த்து, நமக்கு மழை தரப்போகிறது என்று மகிழும் இடத்திலும் (46:24) அவர்கள் வாயில் வருவது மதரின் வேர்ச்சொல்தான். வந்ததோ வேதனையைச் சுமந்த காற்று.

மலையில் இருக்கிறவர்களுக்கு இன்னொன்று. ஒரு ஜும்ஆவில் (வெள்ளிக்கிழமைத் தொழுகையில்) நபி (ஸல்) மழை கேட்டு துஆ செய்து, ஒரு வாரம் விடாமல் பெய்தது. அடுத்த ஜும்ஆவில் மழையை நிறுத்தச் சொல்லி ஒருவர் கேட்டபோது, நபி (ஸல்) 'நின்றுபோகட்டும்' என்று கேட்கவில்லை. எங்கள் மேல் வேண்டாம், எங்களைச் சுற்றிப் பெய்யட்டும். குன்றுகள் மேல், ஓடைப் பள்ளங்களில், மரம் முளைக்கும் இடங்களில் என்று கேட்டார்கள். புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது.

நாகலூர்க்காரன்:

ஜஸாக்கல்லாஹு ஃகைர் டீச்சர். மஞ்சக்குட்டை அண்ணனுக்கும் நன்றி. காலையில் போய்ச் சருகை விலக்கிப் பார்த்தேன். விரலில் ஒட்டுகிற அளவுக்கு ஈரம் இருக்கிறது.

நான் தூறலைக் கேட்டு வந்தேன், 264 என்னைப் பிடித்துக்கொண்டது. எங்களிடம் பழம் பறிக்க வரும் ஓர் அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கொஞ்சம் பணம் கொடுத்திருந்தேன். கூலி போடுகிற அன்று எடை குறைகிறது என்று பேச்சு வந்தபோது, எல்லோர் முன்னாலும் அந்தப் பணத்தைச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். 'சொல்லிக்காட்டுதல்' என்று நீங்கள் எழுதிய இடத்தில் அந்தக் கூடைதான் தெரிந்தது.

அவர் வீடு செம்மநத்தம் பக்கம். ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.