பள்ளிக்கூடக் களஞ்சியத்தில் 16 மி.மீ. செய்திப்பட றீல்கள்: ஓட்டிப் பார்க்கலாமா?

கனகராயன்:
கிளிநொச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடக் களஞ்சிய அறையில் தகரப் பேணிக்குள் இரண்டு 16 மி.மீ. றீல் கிடக்கு, ஒவ்வொன்றும் 400 அடி மட்டில். மூடியைத் திறந்தால் வினாகிரி மணம். மேலே 'சிலோன் 1948' என்று மட்டும் எழுதியிருக்கு. பழைய புறொஜெக்டர் ஒன்று இன்னும் வேலை செய்யுது. ஓட்டலாமா? கண்காட்சிக்கு 1942 ஏப்ரல் குண்டுவீச்சுக் காட்சியும் வேணும். யூடியூபில் வருவதில் எதை நம்புவது?

பனங்கூடல்:
ஓட்டாதேங்கோ. தீப்பிடிக்கும் என்ற பயம் வேண்டாம். 1950களின் தொடக்கம் வரை வந்த 35 மி.மீ. நைற்றேற் பிலிம்தான் அந்தச் சாதி. 16 மி.மீ.யை கொடாக் 1923இல் கொண்டுவந்ததே லேசில் தீப்பிடிக்காத அசிட்டேற்றில்தான்.

ஆனால் வினாகிரி மணம் என்றால் அசிட்டேற் உடையத் தொடங்கிவிட்டது. அதில் வரும் அமிலமே மிச்சத்தையும் அரிக்கும். இறுக்கி மூடின பேணிக்குள் ஆவி அடைபட்டால் வேகம் கூடும், எங்கட வெக்கையும் மாரி ஈரமும் அதுக்குத் துணை. அந்த இரண்டையும் மற்றப் பிலிம்களிட்ட இருந்து விலக்கி, காற்றோட்டமான, வெயில் படாத இடத்தில் மூடியைத் தளர்த்தி வையுங்கோ.

பிறகு சுருக்கத்தை அளவுங்கோ. தொடக்கத்து வெற்றுப் பிலிமை விட்டுவிடுங்கோ, அது வேறு வகைப் பிலிமாக இருக்கலாம். படம் உள்ள இடத்தில் ஒரு துளையின் விளிம்பிலிருந்து 101ஆவது துளையின் அதே விளிம்பு வரை இரும்பு அளவுநாடா பிடியுங்கோ. புதுப் பிரதியில் அது 762 மி.மீ. உங்களுக்கு 754 வந்தால் ஒரு வீதம் சுருங்கியிருக்கு. அதுக்குமேல் பிலிமை இழுக்கும் புறொஜெக்டர் நகம் துளைக்குள் சரியாக விழாது, வரிசையாகக் கிழித்துக்கொண்டே போகும். பிலிம் நடுவில் நின்றால் விளக்குச் சூட்டில் அந்தச் சட்டம் (ஒரு தனிப் படம்) உருகிப்போகும்.

துளை ஒரு பக்கம் மட்டும் இருந்தால் மற்றப் பக்கத்தில் பெரும்பாலும் ஒலிப்பட்டை. இரண்டு பக்கமும் என்றால் அநேகமாக ஊமைப் படம். ஒட்டிக்கொண்ட சுற்றை இழுக்காதேங்கோ, படப்பூச்சு உரிந்து வரும்.

கனகராயன்:
அளந்தேன், 751. ஒரு பக்கம்தான் துளை.

பனங்கூடல்:
1.4 வீதம். புறொஜெக்டர் கதை முடிஞ்சுது. பல்லுச் சக்கரம் இல்லாமல் உருளையில் ஓடும் ஸ்கானர் உள்ள இடத்தைத்தான் தேட வேணும். அதுவரை முதல் ஆறேழு அடியை மட்டும் மெல்ல அவிழ்த்து, கைப்பேசித் திரையை வெள்ளையாக்கி, மேலே படியெடுக்கும் தாள் ஒன்றை விரித்து, மற்றக் கைப்பேசியால் படம் எடுங்கோ. தாள் இல்லாவிட்டால் திரைப் புள்ளிகள் தெரியும். தலைப்பு அட்டையும் விளிம்பு எழுத்தும் கிடைத்தால் போதும். முழு றீலையும் இப்படி எடுக்க நினைக்காதேங்கோ: அடிக்கு 40 சட்டம், 400 அடிக்கு 16,000.

கொடாக் விளிம்புக் குறி (வட்டம், சதுரம், முக்கோணம்) 20 வருசத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். அதை மட்டும் வைத்து ஆண்டு சொல்லாதேங்கோ. அதோடு, அது பிலிம் செய்த காலம். படம் பிடித்த காலம் வேறாக இருக்கலாம்.

சீனக்குடா:
1948 றீலில் கொடி தெரிந்தால் கவனியுங்கோ. இன்றைய கொடியில் கம்பப் பக்கம் உள்ள செம்மஞ்சள், பச்சைப் பட்டைகள் 1951இல்தான் சேர்ந்தன. கறுப்பு வெள்ளையிலும் இரண்டு நிலைக்குத்துப் பட்டையாகத் தெரியும். தெரிந்தால் அது 1948 இல்லை. சுதந்திர நாள் பெப்ரவரி 4; பிரித்தானிய அரச குடும்பத்துக் குளொஸ்ரர் கோமகன் நாடாளுமன்றத்தைத் திறந்துவைத்தது 10ஆம் திகதி. இந்த இரண்டையும் கனபேர் ஒன்றாக்கிப் போடுவார்கள்.

1942க்கு வருவோம். கொழும்பு ஏப்ரல் 5, திருகோணமலைத் துறைமுகமும் சீனக்குடாவும் ஏப்ரல் 9. அதே நாள் பிரித்தானிய 'ஹேர்மிஸ்' விமானந்தாங்கி மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. வந்தது ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் படை, அமெரிக்காவின் பேர்ள் ஹாபரைத் தாக்கியதும் அதேதான். அதனால் விமான வகையைப் பார்த்து இடம் சொல்ல முடியாது, கரையையும் கப்பலையும் பாருங்கோ. பேர்ள் ஹாபருக்கு ஆறு விமானந்தாங்கிகள், இங்கே ஐந்துதான், 'காகா' வரவில்லை. இலங்கைத் தாக்குதல் என்று தலைப்பிட்டு 'காகா'வைக் காட்டினால் தள்ளிவிடுங்கோ.

சத்தத்தை நம்பவே கூடாது. அந்தக்காலச் செய்திப்படம் பெரும்பாலும் ஊமையாகவே பிடிக்கப்பட்டது. வெடிச்சத்தமும் வர்ணனையும் பிறகு ஸ்ரூடியோவில் சேர்ந்தவை. முதல் தடவை ஒலியை நிறுத்திப் பார்த்து, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதுங்கோ. இரண்டாம் தடவை வர்ணனையைக் கேட்டு எது பொருந்தவில்லை என்று குறியுங்கோ. பிள்ளைகளுக்கும் இதுவே நல்ல பயிற்சி.

தேடும்போது 'சிறிலங்கா' என்று மட்டும் போட்டால் கனக்கத் தவறிப்போகும், அந்தப் பெயர் 1972இல்தான் வந்தது. ஆங்கிலத்தில் 'சிலோன்', 'ட்ரிங்கோமலி', 'சைனா பே', 'எலிபன்ட் பாஸ்' என்று போடுங்கோ. 'வவுனியா'வையும் விடாதேங்கோ, போர்க்காலத்தில் அங்கே பிரித்தானிய விமானத்தளம் இருந்தது. பழைய செய்திப்பட நிறுவனமான பிரிட்டிஷ் பாத்தேயின் காட்சிகளை யூடியூபில் பார்க்கலாம், ஆனால் பொது இடத்தில் திரையிட அனுமதி எடுக்க வேணும். அமெரிக்க 'யூனிவேர்சல் நியூஸ்றீல்' செய்திப்படங்களின் பதிப்புரிமை பொதுமக்களுக்கு விடப்பட்டிருக்கு.

வெளிக்கால்:
இன்னும் ஒன்று. காட்சியை 16:9 திரைக்கு இழுத்துப் போடாதேங்கோ, ஆட்கள் எல்லாம் கட்டையாய்க் குண்டாய்த் தெரிவார்கள். 4:3இல் விட்டு இரண்டு பக்கமும் கறுப்பாக இருக்கட்டும்.

றீலை பிரிட்ஜில் வைக்கிறதென்றால், குளிரில் அரிப்பு மெதுவாகும் என்பதால் மூடி வைக்கலாம்: காற்றுப் புகாத இரண்டு பை, ஒன்றுக்குள் ஒன்று. வெளியில் எடுத்தால் ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்கக் கூடாது, இல்லாவிட்டால் பிலிமில் வியர்க்கும். கரண்ட் அடிக்கடி போகிற இடமென்றால் பிரிட்ஜே வேண்டாம்.