மணலைத் தோண்டும் சிக்லிட் மீன்களோடு எந்தச் செடிகளை வளர்க்கலாம்?

அடையாறு வாசகர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் வீட்டில் 4 அடி நீளம், 1.5 அடி அகலம், 1.5 அடி உயரம் கொண்ட தொட்டியில் ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைச் சேர்ந்த சிக்லிட் மீன்களை ஏறத்தாழ ஓராண்டாக வளர்த்து வருகிறேன். மஞ்சள் நிற யெல்லோ லேப் 9, ரஸ்டி 5 இருக்கின்றன. ஆழ்துளைக் கிணற்று நீரைத்தான் பயன்படுத்துகிறேன். பிஎச் 8 அளவில் நிற்கிறது, மீன்கள் நலமாக உள்ளன.

குறை செடிகளில்தான். கொளத்தூரிலிருந்து அமேசான் ஸ்வார்ட் 4 செடிகளும் க்ரிப்டோகோரின் 6 செடிகளும் வாங்கி வந்து, 2 அங்குல மணலில் கவனமாக நட்டேன். மறுநாள் அலுவலகம் சென்று திரும்புவதற்குள் பத்தும் வேரோடு மிதந்துகொண்டிருந்தன. ஒரு மூலையில் அடிக் கண்ணாடியே தெரியும் அளவுக்கு மணல் அகற்றப்பட்டு, எதிர்மூலையில் மேடாகக் குவிந்திருந்தது. மீண்டும் நட்டபோதும் இதே கதைதான். நெகிழிச் செடிகளை வைத்துவிடும்படி சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. இந்த மீன்களோடு பிழைக்கக்கூடிய செடிகள் எவை, அவற்றை எப்படி நிலைநிறுத்துவது என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

தாம்பரம் மீன்தொட்டி

வணக்கம் நண்பரே. முதலில், உங்கள் மீன்கள் செடியின் மீது பகை கொண்டு அதைப் பிடுங்கவில்லை. ஆண் மீன் ஒரு பாறையின் அடியைத் தன் இடமாகக் கொண்டு, வாய் வாயாக மணலை அள்ளி வெளியே துப்பி அதைக் குடைகிறது. பெண்ணை வரவழைக்கவும், தன் எல்லையைக் காட்டவும் அதற்குத் தெரிந்த வழி அதுதான். நம் ஊர்க் குளங்களில் இருக்கும் ஜிலேபிக் கெண்டையும் இதே குடும்பம். கோடையில் நீர் வற்றும்போது குளத்தின் கரையோரச் சேற்றில் வட்ட வட்டமாகக் கிண்ணம் போன்ற பள்ளங்களைப் பார்த்திருப்பீர்கள், அவையெல்லாம் ஆண் மீன்கள் வாயால் தோண்டியவை. இந்தப் பழக்கத்தைத் தடுக்க முயல்வது மீனுக்கும் நல்லதன்று, நமக்கும் இயலாது. ஆகவே தோண்டினாலும் அசையாத செடி எது என்று தேடுவதைவிட, மணலே தேவைப்படாத செடியைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

அப்படிப்பட்ட செடிகளில் நான் முதலில் சொல்வது அனுபியாஸ். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் ஓடைகளில் கல்லையும் மரவேரையும் பற்றிக்கொண்டு வளரும் செடி இது. இதன் கிடைமட்டத் தண்டை மணலுக்குள் புதைத்தால் அழுகிவிடும், வெளியே விட்டால்தான் வாழும். இது சேம்பு, கருணைக்கிழங்கு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. சேப்பங்கிழங்கைச் சரியாக வேகவைக்காமல் உண்டால் நாக்கு அரிப்பதற்குக் காரணமான கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் இந்தக் குடும்பத்துச் செடிகளில் பொதுவாகக் காணப்படுபவை. இலையும் தோல் போலத் தடித்தது. மீன்கள் ஒருமுறை கடித்துப் பார்த்துவிட்டு விலகிவிடுவதையே என் தொட்டியில் பல ஆண்டுகளாகக் கண்டுவருகிறேன்.

அடுத்தது ஜாவா ஃபெர்ன். இதையும் கல்லிலோ மரக்கட்டையிலோதான் கட்ட வேண்டும். கரடுமுரடான எரிமலைக் கல் கிடைத்தால் வேர் விரைவில் பற்றும். கல்லை வெளியே எடுத்து ஈரத்தைத் துடைத்து, செடியின் தண்டின் அடிப்பகுதியில் இரண்டு மூன்று சொட்டு சூப்பர் க்ளூ ஜெல் வைத்து, ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு நீரில் இறக்கலாம். பசை வெள்ளையாக மாறுவதைக் கண்டு அஞ்ச வேண்டாம், உறைந்த பிறகு அது மீனுக்குத் தீங்கு செய்வதில்லை. பசை வேண்டாம் என்றால் தங்கூசி நரம்பால் கட்டுங்கள், ஆனால் இழை தண்டை அறுக்கும் அளவுக்கு இறுக்கக் கூடாது.

இவை மெதுவாக வளர்பவை. ஓர் இலை வர மூன்று நான்கு வாரங்கள்கூட ஆகும். வளர்ச்சியை விரைவுபடுத்தலாம் என்று விளக்கைக் கூட்டினால் இலைமீது பாசிதான் படியும். நாளொன்றுக்கு 6 அல்லது 7 மணி நேர மிதமான வெளிச்சம் போதும்.

வேலூர் நீர்த்தோட்டம்

மேலே சொல்லப்பட்டவை அனைத்தும் சரி. எனினும் மணலில் வேரூன்றும் செடிகளை முழுமையாகக் கைவிட வேண்டியதில்லை என்பது என் கருத்து. வாலிஸ்நேரியா மலாவி ஏரியிலேயே மணற்பாங்கான ஆழங்குறைந்த பகுதிகளில் இயல்பாக வளர்கிறது. நீரில் கரைந்துள்ள பைகார்பனேட்டிலிருந்து கரிமத்தை எடுத்துக்கொள்ளும் திறன் அதற்கு இருப்பதால், ஆழ்துளைக் கிணற்றின் கடின நீர் அதற்குத் தடையாக இருப்பதில்லை, மாறாக உதவுகிறது.

நான் அதை 6 அங்குல மண்தொட்டிகளில் நட்டுப் பாறைகளுக்குப் பின்னால் மறைத்து வைத்திருக்கிறேன். முதல் முறை மண்தொட்டியில் வெறும் மணலை மட்டும் நிரப்பி வைத்தேன். இரண்டே நாளில் அதைக் காலி செய்துவிட்டு, மஞ்சள் ஆண் மீன் ஒன்று உள்ளே குடியேறிவிட்டது. இரண்டாம் முறை மணலின் மேல் எலுமிச்சம்பழ அளவுள்ள கூழாங்கற்களைச் செடியின் கழுத்தைச் சுற்றி நெருக்கமாக அடுக்கினேன். கல்லின் அளவை மீனின் வாயை அளவுகோலாகக் கொண்டு முடிவு செய்யுங்கள், வாயில் கவ்வ முடியாத கல்லை அது நகர்த்துவது அரிது. இயன்றால் மீன் இல்லாத வேறொரு தொட்டியில் ஆறேழு வாரங்கள் வைத்திருந்து, பக்கவேர்கள் ஓடிப் புதுக்கன்றுகள் தோன்றிய பிறகே இங்கே மாற்றுங்கள். அந்தப் பொறுமை இல்லாமல் நான் இழந்த செடிகள் பல. ரஸ்டி மீன்கள் இலை நுனியைக் கொறிக்கத்தான் செய்யும். பாறைப்பாசியை மேய்ந்து வாழும் மீன்கள் அவை, ஸ்பைருலினா என்னும் பாசித்தூள் கலந்த உணவைத் தவறாமல் கொடுத்தால் கொறிப்பது குறைகிறது, ஆனால் நின்றுவிடுவதில்லை.

கிழங்குள்ள கிரைனம் செடியையும் முயன்று பார்க்கலாம். நம் தோட்டங்களில் விஷமூங்கில் என்று வளர்க்கிறோமே, அதன் பேரினத்தைச் சேர்ந்த நீர்ச்செடி இது. கிழங்கின் மேற்பகுதி வெளியே தெரியுமாறு நட வேண்டும்.

கண்டி வாசகி

க்ரிப்டோகோரின் பற்றி ஒரு சொல் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் கடைகளில் பெரிதும் விற்கப்படும் வென்டீ வகை எங்கள் இலங்கைக்கே உரியது. கடின நீரை அது தாங்கிக்கொள்ளும். ஆனால் வேர் கலைக்கப்படுவதை அதனால் தாங்க முடியாது. இடம் மாற்றினாலே சில நாட்களில் இலைகள் கண்ணாடிபோல் மாறிக் கரைந்துவிடும். நாள்தோறும் தோண்டும் மீன்களோடு அதை வைப்பது செடிக்கு இழைக்கும் அநீதி என்றே கருதுகிறேன். உங்களிடம் எஞ்சியுள்ள வேர்களை எறிந்துவிடாதீர்கள். இலை முழுவதும் கரைந்திருந்தாலும், அமைதியான வேறொரு தொட்டியில் நட்டால் வேரிலிருந்து மீண்டும் துளிர்க்கும்.

வேறொரு வழியும் உண்டு. மணி பிளான்ட் கொடியின் வேர் மட்டும் நீரில் இருக்க, இலைகள் தொட்டிக்கு வெளியே படருமாறு விளிம்பில் பொருத்துங்கள். நீரில் சேரும் நைட்ரேட்டை அது நன்றாக உறிஞ்சும், இலைக்கு மீனால் ஆபத்தும் இல்லை. ஹார்ன்வொர்ட் என்னும் நீர்ச்செடியை மிதக்க விடலாம், ஆனால் அதன் ஊசியிலைகள் உதிர்ந்து ஃபில்டரை அடைத்துக்கொள்ளும் என்பதையும் அறிந்தே செய்யுங்கள்.

அடையாறு வாசகர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. க்ரிப்டோகோரின் வேர்களை வாளியிலிருந்து மீட்டு, மீன் இல்லாத சிறு தொட்டியில் நட்டுவிட்டேன். அனுபியாஸ் 3, ஜாவா ஃபெர்ன் 2 வாங்கி எரிமலைக் கற்களில் ஒட்டியிருக்கிறேன். பத்து நாட்களாக அசையாமல் நிற்கின்றன. வாலிஸ்நேரியாவை மண்தொட்டிகளில் நட்டு மொட்டைமாடியில் தனியே வைத்திருக்கிறேன். ஓர் ஐயம்: ஜாவா ஃபெர்னின் இலைக்கு அடியில் வரிசையாகக் கரும்புள்ளிகள் தோன்றியுள்ளன. நோயாக இருக்குமோ என்று அஞ்சுகிறேன்.

தாம்பரம் மீன்தொட்டி

நோயன்று. ஃபெர்ன் வகைகள் விதையால் அல்ல, வித்துத்தூளால் பெருகுபவை, அந்தத் தூள் உருவாகும் இடங்களே அப்புள்ளிகள். சில வாரங்களில் இலை நுனியில் சிறு கன்றுகளும் தோன்றலாம், அவை இரண்டு அங்குலம் வளர்ந்ததும் கிள்ளி வேறொரு கல்லில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

கற்களைப் பற்றி முன்பே சொல்லியிருக்க வேண்டும், விட்டுப்போயிற்று. செடி ஒட்டிய கல்லானாலும் பெரிய பாறையானாலும் மணலின் மேல் வைத்திருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். அடியில் மீன் குடைந்தால் பாறை சரிந்து மீனை நசுக்கும், கண்ணாடியையும் உடைக்கும். முதலில் அடிக் கண்ணாடியின் மேல் மெல்லிய நெகிழித் தகடு ஒன்றை விரித்து, அதன்மேல் பாறைகளை ஆடாமல் அமர்த்தி, கையால் அசைத்துப் பார்த்த பிறகே சுற்றிலும் மணலைக் கொட்டுங்கள்.